கட்டட அனுமதிக் கட்டணம்: நிர்ணயிக்க வேண்டியவர் யார்?

வீட்டுக்கடன் கோரி வருவோரிடம் நாம் முதலில் கேட்கும் ஆவணங்களுள் ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம். அதனுடன் இணைந்திருக்கும் கட்டண ரசீதை ஊன்றிப் படிப்போர் மிகச் சிலரே. அத்தொகை முழுவதும் மாநகராட்சிக்கே சேர்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. உதாரணமாக, கட்டுமானச் செலவில் 1 சதவீதமாக வசூலிக்கப்படும் தொழிலாளர் நல வரி, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குச் செல்வது.

எஞ்சியவற்றை நிர்ணயிப்பவர் யார்? சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1920-ம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நடைமுறையில் இருந்தது. வேறு விதமாகக் கூறப்படாத இடங்களில், உரிமங்களுக்கும் அனுமதிகளுக்கும் உரிய கட்டண விகிதத்தை நகர மன்றமே நிர்ணயிக்க அது வழி செய்திருந்தது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தமும், நகரமைப்பையும் கட்டட ஒழுங்குமுறையையும் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் முதலிரு இடங்களில் வைத்தது. ஆயினும் இன்று ஆந்திரம் முழுமைக்கும் 2017-ம் ஆண்டின் கட்டட விதிகளே பொருந்துகின்றன. கட்டணங்கள் பலவற்றை அரசாணைகளே வரையறுக்கின்றன.

இரண்டு ஊர்களின் வேலை ஒன்றல்ல. 2007-ல் மாநகராட்சியான திருப்பதியில், யாத்திரிகர்களுக்கான பல மாடித் தங்கும் விடுதிகளின் வரைபடங்கள் வருகின்றன. வாகன நிறுத்தம், தீத்தடுப்பு, சுற்றிலும் விட வேண்டிய இடம் என ஒவ்வொன்றையும் பரிசீலிக்க நாட்களும் தேர்ந்த அலுவலர்களும் தேவை. 2012-ல் மாநகராட்சியான சித்தூரில் பெரும்பாலும் தனி வீடு, அல்லது கீழே கடையும் மேலே குடியிருப்புமான சிறு கட்டடம். பரிசீலனைக்கு ஆகும் செலவு வேறுபடும்போது, அதற்கான கட்டணத்தை அவ்வவ்வூரே கணக்கிடுவது நியாயம் என்பது நம் கருத்து.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. 1954-ல் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரியையும் கட்டணத்தையும் பிரித்துக் காட்டியது: வரி பொது வருவாய், கட்டணம் ஒரு சேவைக்கு ஈடானது. பின்னர் 1983-ல், ஆந்திரச் சந்தைக் கட்டண வழக்கில், காசுக்குக் காசு சமமாக இருக்கத் தேவையில்லை, பொதுவான தொடர்பு இருந்தால் போதும் என்று அது தளர்த்திற்று. இந்தத் தளர்வு, நிதி நெருக்கடியில் உள்ள மன்றத்துக்குக் கட்டணத்தை உயர்த்தும் ஆசையைத் தரக்கூடும். அப்போது பாதிக்கப்படுபவர் விடுதி முதலாளி அல்லர். அவர் அதை அறை வாடகையில் சேர்த்துவிடுவார். இரண்டு சென்ட் மனைக்காரரோ அனுமதி பெறாமலேயே கட்டத் துணிவார். அத்தகைய வீட்டை வங்கி அடமானமாக ஏற்க இயலாது. அபராதம் பெற்று அவற்றை முறைப்படுத்தும் திட்டங்களை அரசு ஒருமுறைக்கு மேல் அறிவித்திருப்பதே, அவ்வாறு கட்டுவோர் குறைவல்லர் என்பதற்குச் சான்று.

இங்கிலாந்தில் இக்கட்டணத்தை இதுவரை மத்திய அரசே விதித்து வந்தது. 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் அவ்வதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு வழங்க இரு நிபந்தனைகளுடன் வழி திறந்திருக்கிறது: கட்டணம் செலவுக்கு மேற்படலாகாது, வரும் தொகை திட்ட அனுமதிப் பணிக்கே செலவிடப்பட வேண்டும். நம் நகர மன்றங்களுக்கு அதிகாரம் வருமாயின் இவ்விரண்டும் உடன் வரவேண்டும். ஆண்டுதோறும் வரவையும் செலவையும் வெளியிடும் பொறுப்பையும் நாம் சேர்த்துக்கொள்வோம்.

தற்போது வீடு கட்ட முனைவோர், கட்டுமான மதிப்பீட்டில் இக்கட்டணங்களையும் சேர்த்து எழுதுவது நலம்; கடன் தொகையைத் தீர்மானிக்கும்போது பலர் விட்டுவிடும் இனம் இது. இனவாரியான ரசீதைக் கேட்டு வாங்கி, வரைபடத்துடனேயே பாதுகாத்து வையுங்கள்.