கைக்கருவியும் வாட்போரும்

வீடியோ விளையாட்டிற் கைக்கருவி மாறின் விளையாட்டும் மாறுமோ எனின், ஓர் உலகமே இடவலம் மாறியதுண்டு. நிண்டெண்டோ நிறுவனத்தாரின் செல்டா வரிசையைச் சார்ந்த 'டுவிலைட் பிரின்ஸஸ்' 2006-ஆம் ஆண்டு 'வீ' என்னும் பொறிக்கு வந்தபோது, கையசைத்து வாள்வீசும் கருவியைப் பெரும்பாலோர் வலக்கையிற் பிடிப்பர் எனக் கருதி, இடக்கையனாகிய லிங்க் என்னும் வீரனை வலக்கையனாக்கும்பொருட்டு, அவன் உலவும் உலகம் முழுவதையும் கண்ணாடி நிழல்போற் புரட்டிவிட்டனர். ஆயினும் கையசைத்த திசையை வாள் பின்பற்றவில்லை. அவ்வசைவு பொத்தானின் வேலையையே செய்ததென்க.

2011-இல் வெளிவந்த 'ஸ்கைவர்டு சுவார்டில்' நிலைமை வேறு. சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப் கருவியிற் சேர்ந்தமையால், கை சென்ற திசையே வாள் சென்ற திசையாயிற்று. எனவே பகைவரையும் புதிதாகப் படைக்கவேண்டியதாயிற்று. டெக்கு பாபா என்னும் கொடியின் வாய்ப்பிளவு கிடையாயிருப்பின் கிடையாகவும், நெடுக்காயிருப்பின் நெடுக்காகவும் வெட்டுதல் வேண்டும். பொக்கோபிளின் என்னும் பகைவனோ தன் ஆயுதத்தால் ஒரு திசையை மறைத்து நிற்பான். மறையாத திசையை நாம் நாடவேண்டும். இங்ஙனம் போர் புதிராயிற்று. அவ்விளையாட்டின் தலையாய சிறப்பு இதுவே என்போம்.

எனினும், கையை வீச இயலாதார் என்செய்வர்? அவர்க்கு அன்று வேறுவழி வைக்கப்பட்டிலது. பத்தாண்டு கழிந்து, 2021-இல் 'சுவிட்ச்' பொறிக்கு அது மீண்டும் வந்தபோதே, வலப்புறச் சிறுகுச்சியை வேண்டிய திசையிற் சாய்த்தும் வாள்வீசலாம் என அமைத்தனர். தோளறிந்த இன்பம் அதிற் குறைவே. ஆயினும் வாய்ப்பிளவின் திசையைத் தேர்வது கண்ணின் தொழிலாதலின், கட்டைவிரல் ஒன்றே உடையாரும் அப்புதிரை விடுத்தல் கூடும்.