மீண்டும் மீண்டும் சிவக்கும் கண்



பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவனை ஆண்டவர் ஊருக்கு வெளியே அழைத்துப்போய்க் குணமாக்கியதை மாற்கு சுவிசேஷம் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே சுகம் இரண்டு படியாக வருகிறது. முதல் தொடுதலுக்குப் பின், ஏதாவது தெரிகிறதா என்று ஆண்டவர் கேட்டார். அவன் மரியாதைக்காக "நன்றாகத் தெரிகிறது" என்று சொல்லிவிடவில்லை. நடமாடும் மனிதர் மரம்போலத் தோன்றுகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னான். ஆண்டவர் கோபிக்கவில்லை, மறுபடியும் தொட்டார். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலுமே இந்த மாதப் பாடம்.

இரும்புலியூரில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி நமது மருத்துவமனைக்கு வந்துகொண்டிருக்கிறார். மூன்று ஆண்டில் நான்கு முறை அவருக்குக் கண் சிவந்தது. முதல் தடவை "மெட்ராஸ் ஐ" என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, வீட்டில் தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்கள். ஆனால் பீளை இல்லை. வலியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமும், மங்கலும் இருந்தன. மருத்துவர் பரிசோதித்து "யுவைடிஸ்" என்றார். விழியின் நடு அடுக்கில் உண்டாகும் அழற்சி இது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மெட்ராஸ் ஐ போலத் தொற்றுவதில்லை.

இதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை முதலில் மணிக்கொருமுறை விட்டு, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கருவிழித்திரை பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாதபடி, கண்மணியை விரிக்கும் மருந்தும் உண்டு. சிவப்பு மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பலாம். அதற்காகப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி விட்டுக்கொள்வதும் ஆபத்து. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், புரையை வளர்க்கும். சிவப்புக்குக் காரணம் பூஞ்சைப் புண்ணாக இருந்தால் கண்ணையே கெடுத்துவிடும்.

இனி எங்கள் தவறைச் சொல்ல வேண்டும். நான்காம் முறை சிவப்பு அடங்கிய பின் அந்தச் சகோதரி எங்களிடம், "ஐயா, நேராகத் தைத்தாலும் தையல் வளைந்து வளைந்து தெரியுது" என்றார். "ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறீங்க, களைப்புதான் அம்மா" என்று சொல்லி, ஜெபித்து அனுப்பிவிட்டோம். மூன்று வாரம் கழித்து மருத்துவர் பார்த்தபோது விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருந்தது. சிகிச்சையால் வீக்கம் வடிந்தது. ஆனால் அந்தக் கண்ணில் பார்வை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கேட்ட ஆண்டவரைப் பிரசங்கித்த நாங்கள், கேட்காமல் பதில் சொல்லிவிட்டோம்.

காரணம் என்ன என்று இப்போது கேட்பீர்கள். முதுகெலும்பு மூட்டு நோய், காசநோய், தொழுநோய், மேகநோய் எனப் பல நோய்கள் கண்ணில் இப்படித் தலைகாட்டும். ஆகையால்தான் கண் மருத்துவர், காலையில் இடுப்பு இறுகுகிறதா என்று விசாரிக்கிறார்; மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்கென்று தொடங்கிய சானடோரியத்தின் பெயரையே ரயில் நிலையத்துக்கும் வைத்துக்கொண்ட ஊர் நம்முடையது. அந்த நோய் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் அறிந்திருப்பது நல்லது. காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் மாத்திரை சிலருக்கு நிறம் பிரித்தறிவதைக் குறைக்கும். அதை உடனே சொன்னால் மருத்துவர் மருந்தை மாற்றுவார். சொல்லாமல் இருந்தால் பார்வை நரம்பு கெடும்.

விசாரித்துக் கேட்டதால் விடை கிடைத்த சரித்திரமும் நம் மாநிலத்தில் உண்டு. 1993இன் பிற்பகுதியில் மதுரைப் பகுதியில் பெருவெள்ளம் வந்தது. அதைத் தொடர்ந்து யுவைடிஸ் நோயாளிகள் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வழக்கத்துக்கு மாறாக அதிகமாக வந்தார்கள். மருத்துவர்கள் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. இரத்தத்தைச் சோதித்து, எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமியே காரணம் என்று காட்டி, 1997இல் வெளியிட்டார்கள். அந்தக் காய்ச்சல் வந்து போய் வாரங்கள், மாதங்கள் கழித்தும் கண் சிவக்கலாம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் நின்றதைக் கண்ட நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வெள்ளநீரில் நடந்தீர்களா, காய்ச்சல் இருந்ததா என்று மருத்துவர் கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லாச் சோதனையும் செய்த பின்னும் பலருக்குக் காரணம் அகப்படுவதில்லை. நம் சகோதரிக்கும் அப்படியே. "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று அவர் அழுதார். காரணம் தெரியாத நோயைப் பாவத்தின் கணக்கில் எழுத நமக்கு அதிகாரம் இல்லை. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்து கடிந்துகொள்ளப்பட்டார்கள். இன்று அவர் ஒரு நோட்டில் எந்த நாளில் சிவந்தது, எந்த மருந்து, என்ன புதிதாகத் தெரிகிறது என்று குறித்து வருகிறார். தினமும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பார்க்கிறார். கம்பி வளைந்து தெரிந்தாலோ, கொசு பறப்பதுபோலப் புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை இறங்கியதுபோல் மறைத்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை இப்படிப்பட்டவர்களின் சொட்டு மருந்துக்கும் சோதனைக்கும் வழிச்செலவுக்கும் ஆகிறது. ஒரே நாளில் முடியும் புரை அறுவையைப்போல இதில் காட்டுவதற்கு வெற்றி இல்லை. திரும்பத் திரும்பத் தொட வேண்டிய ஊழியம் இது.

சிந்திக்க:

1. நம் வீட்டில் ஒருவர் "புதிதாக ஏதோ செய்கிறது" என்றால், நாம் முதலில் கேட்கிறோமா, ஆறுதல் சொல்லி முடித்துவிடுகிறோமா?

2. சபையில் சாட்சி சொல்லும்போது, பாதி சுகத்தைப் பாதி என்றே சொல்ல இடம் தருகிறோமா?

3. காரணம் தெரியாத நோயோடு வாழ்கிறவர் ஒருவரை இந்த வாரம் யார் போய்ப் பார்ப்பது?

ஜெபிப்போம்: ஆண்டவரே, கேட்கும் பொறுமையை எங்களுக்கும், உள்ளதைச் சொல்லும் தைரியத்தை நோயாளிகளுக்கும், மறுபடியும் தொடும் கைகளை மருத்துவர்களுக்கும் தாரும். ஆமென்.