பம்ப்போடு பேசும் இரண்டு கம்பிகள்

அமெரிக்காவில் நீச்சல் குளமுள்ள வீடுகளில் பம்ப், ஹீட்டர், உப்புநீரிலிருந்து குளோரின் எடுக்கும் செல் எல்லாம் கொல்லைப்புறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பெரும்பாலும் ஆர்.எஸ்-485 வழியாகத்தான். 1983இல் தரநிலையான முறை அது. இரண்டு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடுதான் செய்தி. அருகில் ஓடும் மோட்டாரின் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுவதால் அந்த வேறுபாடு கெடுவதில்லை.

இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொண்ட ஆர்வலர்களின் உழைப்பில் பிறந்தவை நோட்ஜேஎஸ்-பூல்கன்ட்ரோலர், அக்வாலிங்க்டி போன்ற இலவச மென்பொருள்கள். முன்னது பென்டேர் நிறுவனத்தின் கருவிகளுக்காகத் தொடங்கியது, பின்னது ஜாண்டி நிறுவனத்தின் கருவிகளுக்காக. ஒரு ராஸ்பெர்ரி பை சிறு கணினி, ஒரு யூஎஸ்பி-485 அடாப்டர், முறுக்கிய ஜோடிக் கம்பி இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

புதிதாக இறங்குபவர்கள் எடுத்த எடுப்பில் கட்டளை அனுப்பத் துடிப்பார்கள். என் அனுபவத்தில், முதலில் கேட்க மட்டும் செய்பவர்களுக்கே வேலை சீக்கிரம் முடிகிறது. பென்டேர் பேனலில் மஞ்சளும் பச்சையும்தான் தரவுக் கம்பிகள். சிவப்பில் மின்சாரம் வருகிறது, அதை அடாப்டரில் சேர்க்கவே கூடாது. 9600 பாட் வேகத்தில் திறந்து பார்த்தால் 255, 0, 255, 165 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். குப்பையாக வந்தால் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் போடலாம், எதுவும் எரிந்துவிடாது. ஏ, பி என்ற குறிகளை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி போடுவதில்லை.

165க்குப் பிறகு வருவதுதான் சாரம். பென்டேரின் இன்டெல்லிஃபுளோ பம்ப்பை நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓட்டச் சொல்லும் கட்டளை இது: 0, 96, 16, 1, 4, 2, 196, 7, 208. 96 பம்ப்பின் முகவரி, 16 கட்டளையிடும் கன்ட்ரோலருடையது. 7ஐ 256ஆல் பெருக்கி 208ஐக் கூட்டினால் 2000. 165இலிருந்து எல்லாவற்றையும் கூட்டினால் 695. அதுவே 2, 183 என்ற இரண்டு பைட்டுகளாக வாலில் சேரும். இதில் ஒன்று பிசகினாலும் பம்ப் மறுமொழி தராது. தொலைக் கட்டுப்பாட்டுக்கு மாறு என்ற கட்டளையையும் முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். வேகக் கட்டளையை அடிக்கடி திரும்ப அனுப்பாவிட்டால் பம்ப் தானே நின்றுவிடும்.

இத்தனை பாடு எதற்கு? பம்ப்பின் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்திறன், கணக்குப்படி, எட்டில் ஒரு பங்காகிறது.

ஏற்கெனவே கன்ட்ரோலர் இருக்கும் வீட்டில் நேராகப் பம்ப்புக்குக் கட்டளை போடக் கூடாது. ஒரே கம்பியில் இரண்டு பேர் அதிகாரம் செய்தால் செய்திகள் மோதும், பம்ப் வேகம் மாறி மாறித் தடுமாறும். கோரிக்கையைக் கன்ட்ரோலரிடம் வைத்து, பம்ப்பை அதனிடமே விட்டுவிட வேண்டும். கம்பியின் முனையில் போடும் 120 ஓம் மின்தடை பற்றியும் பலர் கவலைப்படுகிறார்கள். 9600 பாட் வேகத்தில் முப்பது மீட்டருக்கு அது தேவையே இல்லை. அதைவிட, மின்னல் அதிகமுள்ள ஃபுளோரிடா போன்ற இடங்களில், மின்தனிமைப்படுத்திய அடாப்டர் வாங்கலாம்.

குளோரின் செல்லில் மட்டும் மென்பொருளை நம்பவே கூடாது. தண்ணீர் ஓடாமல் செல் இயங்கினால் உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கும் அபாயம் உண்டு. தண்ணீர் ஓட்டத்தை உணரும் ஃப்ளோ சுவிட்ச் நேரடியாகக் கம்பியில் இணைந்தபடியே இருக்கட்டும். பம்ப்பைத் திறக்கும் முன் பிரேக்கரை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்தும் பார்த்துக்கொள்ள வேண்டும்.