புல்லுக்கும் உரம் வேண்டுமா?

நெல்லுக்கும் கோதுமைக்கும் உரமிடுவதில் எவருக்கும் ஐயமில்லை. மேய்ச்சல் புல்லுக்கு உரமிடுவது வீண் செலவு என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 53.6 கோடி கால்நடைகளைக் கொண்ட நாட்டில் இவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

கொழுக்கட்டைப் புல், கினியாப் புல் போன்ற வெப்பமண்டலப் புல்லினங்கள் தழைச்சத்தை ஏற்று விரைந்து தூர்கட்டும்; உரிய பருவத்தில் அறுத்தால் புரதமும் மிகும். ஆயின் மண்ணில் ஈரம் இன்றியமையாதது. 46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியாவை மேலாகத் தூவி, மழையும் பொய்த்துவிட்டால், ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். மிகையாக உரமிட்ட தீவனம் வறட்சியில் வாடும்போது அதில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கே நஞ்சாவதும் உண்டு.

இதனினும் கடினமானது செலவுப் பிரச்சினை. இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் 1962-இல் நிறுவப்பட்ட ஜான்சி அமைந்துள்ள புந்தேல்கண்டில், கோடையில் மாடுகளை அவிழ்த்துவிடும் ‘அன்னா’ வழக்கம் நெடுநாளையது. ஒருவர் இட்ட உரத்தில் வளர்ந்த புல்லை ஊர் மாடுகளெல்லாம் மேயுமெனில் உர மூட்டையை வாங்குபவர் யார்? எனவே யூரியா, பாசன வசதியுடன் அறுத்துப் போடும் தீவன வயலுக்கே பொருந்தும். பொது நிலத்திலோ, காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே நிலைநிறுத்தும் முயல் மசாலைப் புல்லுடன் விதைத்து, சிறிது மணிச்சத்து இட்டு, வேர்பிடிக்கும்வரை மேய்ச்சலைத் தடுப்பதே சிக்கனமான வழி. அத்தடையை ஊரார் ஏற்பது உரம் வாங்குவதைவிட அரிது.