24 மாத்திரைப் பாக்கெட்

கிகாலி விமான நிலையத்தில் என் மாநாட்டுப் போஸ்டரைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ருவாண்டாவில் 2008 முதல் பாலித்தீன் பைக்குத் தடை. தெரிந்திருக்க வேண்டியவன் நான். வெளியே மார்ச் மாத மழை. மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் ஹோட்டல் போய்ச் சேர்வதற்குள் சுருட்டிய தாளின் ஒரு மூலை ஊறிவிட்டது. 2023-ல் அம்ரெஃப் என்ற சுகாதாரத் தொண்டு நிறுவனம் நடத்திய ஆப்பிரிக்க சுகாதார மாநாட்டில், அந்த ஊறிய மூலையை முழங்கையால் மறைத்தபடிதான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் பார்மசிஸ்ட். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கு ஒன்றில் சில வருஷம் பெட்டி எண்ணினேன்; பிறகு நைரோபிக்கு வந்தேன். 1994-ல் தொடங்கிய அந்தக் கழகத்தில் ஒரு பாஸ்புக் முறை உண்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று எழுதி, எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே போவார்கள். கென்யாவில் நேர்காணல் செய்தவர்கள் என் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முக்கால் மணி நேரமும் அந்தப் பாஸ்புக்கைப் பற்றித்தான் பேச்சு.

ஊரிலிருந்து தம்பி தங்கைகள் போன் பண்ணி, "அண்ணா, ஆப்பிரிக்காவில் பப்ளிக் ஹெல்த் வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்கும்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு ஏமாற்றம். ஏதாவது ஒரு சர்டிபிகேட்டின் பெயரை எதிர்பார்த்திருப்பார்கள்.

மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்புவதில் நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். "கென்யாவில் மருந்து விநியோகத்தை வலுப்படுத்துதல்" என்று தலைப்பு வைத்தேன். முடிவுகள் என்ற இடத்தில் "விரைவில் வெளியிடப்படும்" என்று எழுதினேன். திரும்பி வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்! பின்னால் நானே வேறொரு கூட்டத்துக்கு வந்த அப்ஸ்ட்ராக்ட்களைப் படித்து மதிப்பெண் போட உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு, முப்பதாவது அப்ஸ்ட்ராக்டில் கண் நிற்க வேண்டுமென்றால் அதில் ஒரு பொருள் இருக்க வேண்டும், ஒரு எண் இருக்க வேண்டும், ஒரு இடம் இருக்க வேண்டும்.

எனக்கு அந்தப் பொருள் விக்டோரியா ஏரிப் பக்கம், சியாயா வட்டாரத்து டிஸ்பென்சரி ஒன்றில் கிடைத்தது. மலேரியா மண் அது. ஆர்ட்டிமீத்தர் - லூமிஃபான்ட்ரின் மாத்திரை உடல் எடையைப் பொறுத்து 6, 12, 18, 24 என்று நாலு பாக்கெட்டாக வரும். பெரியவர்களுக்கு 24. ஒருநாள் அங்கே ஸ்டாக் சரிபார்க்கப் போனேன். சிஸ்டர் ஒருவர்தான் மொத்த டிஸ்பென்சரியும்: பிரசவம், தடுப்பூசி, மருந்து அலமாரி எல்லாம் அவர் பொறுப்பு. 24 மாத்திரைப் பாக்கெட்டின் இருப்பை எழுதும் 'பின் கார்டில்' (bin card) மூன்று வாரமாகப் பூஜ்யம். "தாவா இமெய்ஷா, டக்டாரி" என்றார். மருந்து தீர்ந்துபோச்சு, டாக்டர். பார்மசிஸ்ட்டையும் அங்கே டக்டாரி என்றுதான் கூப்பிடுவார்கள். காதுக்குக் கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கும்.

சரி, பெரியவர்கள் வந்தால் என்ன செய்கிறீர்கள்? பேசாமல் 6 பாக்கெட்டின் கார்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு வரியில் 4 கழித்திருந்தது. அடுத்த வரியில் 4. அதற்கடுத்த வரியிலும் 4. குழந்தைப் பாக்கெட் நாலைச் சேர்த்து ஒரு பெரியவருக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு நாலு இருபத்துநாலு, கணக்கு சரி. ஆனால் அடுத்த மாதம் மேலே போகிற அறிக்கையில் அந்த வட்டாரத்தில் கைக்குழந்தைக் காய்ச்சல் திடீரென ஏறியதுபோலத் தெரியும். 6 பாக்கெட்டைக் கூடுதலாக அனுப்புவார்கள். 24 மறுபடியும் குறையும்.

நாலு நாலாகக் கழித்த அந்தக் கார்டைப் போட்டோ எடுத்து, போஸ்டரின் நடுவில் பெரிதாகப் போட்டேன். வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை.

மேடைப் பேச்சு நடக்கும் பெரிய அரங்கில் அமைச்சர்கள் வருவார்கள். 2001-ல் அபுஜாவில் ஆப்பிரிக்க நாடுகள் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி கொடுத்ததை யாராவது நினைவுபடுத்துவார்கள், கை தட்டுவார்கள். ஒருநாள் கேட்டால் போதும். மீதி நேரத்தை டீ வரிசைக்கும் போஸ்டர் பக்கத்துக்கும் கொடுங்கள். கிகாலியில் 'ஆப்பிரிக்கன் டீ' என்று கேட்டால் பாலில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதித்தது வரும். நம் வீட்டு இஞ்சி டீயேதான், கொஞ்சம் காரம் கூடுதல். அந்தக் கோப்பையோடு வந்து நின்ற ஜாம்பியாக்காரர் ஒருவர், மாவட்டப் பார்மசிஸ்ட், கார்டின் போட்டோவைப் பார்த்துச் சிரித்தே விட்டார். "இதை எங்கள் ஊரிலா எடுத்தீர்கள்?" என்றார். அரைமணி நேரம் பேசினோம். பெரிய பதவிக்காரர்களிடம் நான் கொடுத்த விசிட்டிங் கார்டுகளில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆனால் அந்த மாவட்டப் பார்மசிஸ்ட் இரண்டு மாதம் கழித்து எழுதினார்: கிடங்குப் பயிற்சிக்கு மூன்று வாரம் வர முடியுமா? என் முதல் தனி ஒப்பந்தம் அப்படி வந்தது.

எந்த நாற்காலி நமக்கில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். அடிஸ் அபாபாவில் இருக்கும் ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்பு. அதன் பணியிடங்கள் ஒன்றிய நாட்டுக் குடிமக்களுக்கானவை. ஐ.நா. அமைப்புகளில் 'நேஷனல் ஆபீஸர்' என்று இருந்தால் அந்த நாட்டவருக்கு மட்டும். பயண உதவித்தொகையும் அப்படித்தான், ஆப்பிரிக்க இளைஞர்களுக்கென்று வைத்ததில் நாம் மனுப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2022-ல் மான்ட்ரியால் எய்ட்ஸ் மாநாட்டுக்குப் போக முடியாமல் கனடா விசா மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் எத்தனையோ பேர். கிகாலியில் அதே கூட்டம் நடந்தால் வந்து இறங்கிய இடத்திலேயே விசா கிடைத்துவிடும். காமன்வெல்த் நாடு என்பதால் நமக்குக் கட்டணமும் இல்லை. தங்கள் கண்டத்துக் கூட்டத்தைத் தங்கள் கண்டத்திலேயே நடத்த வேண்டும் என்று அவர்கள் ஏன் பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பது அந்த இமிக்ரேஷன் வரிசையில் நின்றால் புரியும்.

நமக்குத் திறந்திருப்பவை குறுகிய கால கன்சல்டன்சி, ஐ.நா. தன்னார்வலர் பணி, அரசு சாரா அமைப்புகளின் தொழில்நுட்ப வேலைகள். ரிலீஃப்வெப் தளத்தில் இவற்றுக்கான விளம்பரம் வரும். பிரெஞ்சு தெரிந்தால் செனகலிலிருந்து காங்கோ வரை கதவு திறக்கும். எனக்குத் தெரியாது, அதனால் இழந்த வாய்ப்புகளை எண்ணாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. அதோடு, 2025-க்குப் பிறகு நிலைமை பழையபடி இல்லை. அந்த ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலையில் அதன் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. என் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால் தப்பித்தேன். நைரோபியில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட பாதிப் பேர் ஒரே வாரத்தில் வீட்டில் இருந்தார்கள். இப்போது ஒரு வேலைக்கு மனுப் போட்டால், போட்டிக்கு நிற்பது அதே வேலையைப் பத்து வருஷம் பார்த்த உள்ளூர்க்காரர். அவரைவிட நீங்கள் எதைக் கூடுதலாகக் கொண்டுவருகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் மனுவையே எழுத வேண்டாம்.

சில்லறை விஷயம் ஒன்று, ஆனால் காலை வாரிவிடும். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் வந்தால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும்; பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். டிக்கெட் போட்ட அன்றைக்கே போய்விடுங்கள்.

கிகாலியிலிருந்து திரும்பியதும் போஸ்டரைச் சியாயாவுக்கே எடுத்துப் போனேன். சிஸ்டர் மேஜைமேல் விரித்து, ஊறிக் காய்ந்த மூலையில் ஸ்டேப்ளரை வைத்து அழுத்திக்கொண்டு, மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். தலைப்புக்குக் கீழே நாலு பெயர், என்னுடையது முதலில்.

"கையெழுத்து என்னுடையதுதானே?" என்றார்.

"ஆமாம், சிஸ்டர்."

"பெயர் எங்கே?"

போட்டோ எடுக்க அனுமதி வாங்கியிருந்தேன். டிஸ்பென்சரியின் பெயரை மறைத்திருந்தேன். நன்றிப் பட்டியலில் 'சுகாதார ஊழியர்களுக்கு' என்று ஒரு வரியும் போட்டிருந்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதே வருஷம் நவம்பரில் ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மாநாடு லுசாகாவில். அதற்கான அப்ஸ்ட்ராக்டைச் சனிக்கிழமைகளில் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து இருவரும் எழுதினோம். 4 கழிக்கும் வரிகளுக்குத் தனியாக ஒரு குறி போட்டால் மேலே போகிற கணக்கு சரியாகும் என்பது அவர் யோசனை. அவர் பெயரை முதலில் போட்டு அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் கிடைக்காததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. லுசாகாவில் போஸ்டரை நானே ஒட்டினேன். யார் வந்து கேட்டாலும் அவர் போன் நம்பரைக் கொடுக்கலாமா என்று முதல்நாள் இரவே கேட்டு வைத்திருந்தேன். கொடுக்கலாம், ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கூப்பிட வேண்டும் என்றார். அதுவரை கிளினிக்.