முதல் நடைக்காரர்களுக்கு: கெண்டைக்கால் பிடிப்பு

இந்தத் தைப்பூசத்துக்கு முதன்முறை மாலை போட்டிருக்கும் சாமிகளுக்கு. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி 150 கிலோமீட்டருக்கு மேல். கொப்புளத்துக்குக் களிம்பு எடுத்துவைத்திருப்பீர்கள். பாதி வழியில் ஆளை உட்காரவைப்பது பெரும்பாலும் கெண்டைக்கால்தான்.

1. மாலை போட்ட அன்றே நடக்கத் தொடங்குங்கள். வருஷம் முழுக்க நாற்காலியில் இருந்த கால் முதல் நாளே 30 கிலோமீட்டர் நடந்தால் சதை பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? தண்ணீர் குறைந்ததால் என்று எல்லோரும் சொல்வார்கள். பழகாத உழைப்பும் அசதியும்தான் முதல் காரணம். வெறுங்கால் நடை என்று வேண்டியிருந்தால் அதையும் வீட்டிலேயே பழகுங்கள். செருப்பில்லாத கால் வேறு மாதிரி ஊன்றும். உள்ளங்கால் வளைவில் பிடிக்கும்.

2. முதல் நாள் வாலிபப் பிள்ளைகளோடு போட்டி வேண்டாம்.

3. பிடித்துவிட்டால் ஓரமாக உட்காருங்கள். முழங்காலை மடக்காமல் நீட்டுங்கள். தோள் துண்டைப் பாதத்தின் முன்பக்கம் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, கால்விரல் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சதை கிழிந்தால் அத்தோடு நடை முடிந்தது. அரை நிமிஷம் அப்படியே பிடித்திருங்கள். திரண்டு நிற்கும் சதை இளகுவது கைக்கே தெரியும். அதன்பிறகுதான் தைலமும் நீவுவதும். உள்ளங்காலில் பிடித்தால் எழுந்து பாதம் முழுக்கத் தரையில் படும்படி நில்லுங்கள்.

4. வேர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடிப்பது சரியல்ல. உப்புப் போட்ட மோர் குடியுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இளநீரில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். வாழைப்பழம் தின்றால் பிடிப்பு உடனே விட்டுவிடும் என்பதை நான் நம்புவதில்லை. விருப்பாச்சி மலைப்பழம் கிடைத்தால் பசிக்குச் சாப்பிடுங்கள், ருசியான பழம்.

5. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை, கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பிடிப்பு வரலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் கிளம்பும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் அப்படியே.

6. ராத்திரி படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய்ந்து கெண்டைக்காலை நீட்டுங்கள், இரண்டு மூன்று தடவை. தூக்கத்தில் கால்விரலைக் கீழே நீட்டிச் சோம்பல் முறிக்கும்போதுதான் பலருக்கும் பிடிக்கிறது. கனமான போர்வையைப் பாதத்தின் மேல் இறுக்கிப் போர்த்தினாலும் விரல் கீழேதான் போகும்.

7. எல்லா வலியும் பிடிப்பல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். யாரையும் நீவ விடாதீர்கள். நடந்தால் வலி, நின்றால் சரி, மறுபடி அதே தூரத்தில் வலி என்றால், அதுவும் பீடி சிகரெட் பழக்கம் இருந்தால், காலுக்கு ரத்தம் போகும் குழாய் சுருங்கியிருக்கலாம். கால் முழுக்க வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் சதை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். வீக்கத்துக்கும் இந்த நிறத்துக்கும் அடுத்த ஊர்வரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. குழுவின் வண்டியில் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் காவடியை வேறொரு சாமி கொண்டுவந்து சேர்ப்பார்.