அளவு சரி, ஜாக்கெட் ஏன் சரியாக உட்காரவில்லை?

வீட்டில் தையல் பழகுகிறவர்கள் பாவாடை, நைட்டி, குழந்தைகளின் கவுன் எல்லாம் தைத்துவிட்டு, ஜாக்கெட்டுக்கு வரும்போது தயங்கி நின்றுவிடுகிறார்கள். தையல் நேராக விழுகிறது, ஊக்குப் பட்டி சுத்தமாக வருகிறது. போட்டுப் பார்த்தால் கழுத்து தூக்குகிறது, அக்குளில் இழுக்கிறது, தோள் நழுவுகிறது. அளவு எடுத்ததில் தப்பு, இல்லையென்றால் நமக்குத் தையல் கைவரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. தைப்பது ஒரு திறமை, உடம்புக்குப் பொருத்துவது வேறொரு திறமை. முன்னது மெஷினில் உட்கார உட்கார வளரும். பின்னது, தைத்ததைப் போட்டுப் பார்த்து, குறை எங்கே என்று கண்டு, பிரித்துத் திருத்துவதால் மட்டுமே வளரும்.

அளவு துல்லியமாக இருந்தால் ஜாக்கெட்டும் துல்லியமாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இங்கே முதல் தடை. டேப் சுற்றளவைச் சொல்லும். அந்தச் சுற்றளவு உடம்பில் எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. மார்புச் சுற்று 36 அங்குலம் உள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம். மற்றவருக்கு முதுகு ஒடுக்கம், முன்பக்கம் நிறைவு. 36-ஐ நான்காக வகுத்து 9 என்று வைத்து, லூசும் தையலுக்கான துணியும் சேர்த்து வெட்டும் வழக்கமான கணக்கு, இருவருக்கும் ஒரே துண்டைத்தான் கொடுக்கும். முதலாமவருக்கு முதுகு பிடிக்கும். இரண்டாமவருக்கு முன்னால் பிடித்து, முதுகில் தொளதொளக்கும். மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டி இன்னொரு சுற்று எடுத்து, முழு மார்புச் சுற்றோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு ஓரளவு தெரியவரும். ஆனால் தோளின் சரிவு, ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது, முதுகின் லேசான கூன் இவையெல்லாம் சுற்றளவில் பிடிபடுவதில்லை. தனக்குத்தானே அளவெடுப்பவர் எண்ணைப் பார்க்கக் குனிந்தாலே அளவு மாறிவிடும்.

இன்னும் நிறைய அளவுகள் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக ரூத் ஓப்ரையனும் வில்லியம் ஷெல்டனும் அதைத்தான் செய்தார்கள். சுமார் 15,000 பெண்களிடம், ஆளுக்கு 50-க்கும் மேற்பட்ட அளவுகள் எடுத்து, முடிவுகளை 1941-இல் வெளியிட்டார்கள். வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் கொண்டது அந்த ஆய்வின் பெருங்குறை. அதை ஆதாரமாக வைத்து 1958-இல் வந்த ஆடை அளவுத் தரம் 1983-இல் கைவிடப்பட்டது. அத்தனை அளவுகளாலும் நிலையான ஓர் அட்டவணை அமையவில்லை. எண்கள் துணியை வெட்டத் தொடங்க உதவும். பொருத்தம் உடம்பின்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அளவு ஜாக்கெட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அளவு ஜாக்கெட் நல்ல துணைதான். ஆனால் அது முன்பு தைத்த ஒன்றின் நகல். அதிலிருந்த குறை அப்படியே புதியதற்கும் வந்து சேரும். துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும், போட்டுப் போட்டு இழுபட்டிருக்கும். டாட் பிடித்த முன்பக்கத்தை மேசையில் எவ்வளவு நீவினாலும் அது தட்டையாகப் படியாது; மேலோட்டமாக வரைந்துகொண்டால் டாட்டுக்குள் போயிருக்கும் துணி கணக்கில் விடுபட்டுவிடும். அந்தத் துணிதான் மார்புக்கு இடம் கொடுப்பது.

இன்னொரு பிடிவாதமான நம்பிக்கை, கை தூக்க முடியவில்லை என்றால் கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்பது. நடப்பது நேர்மாறு. கைக்குழியின் அடிப்பகுதி அக்குளைவிட்டுக் கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது பக்கவாட்டுத் துணி முழுவதும் கூடவே மேலே ஏறும். அக்குளுக்கு அருகில் நிற்கும் சிறிய கைக்குழிதான் கைக்கு அதிக விடுதலை தருகிறது. புஜத்தில் இறுக்கம் என்றால் கைத் துண்டை அகலப்படுத்த வேண்டும். கைக்குழியைத் தோண்டிவிட்டால், வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

துணி தன் குறையைத் தானே காட்டும். குறுக்காக ஓடும் சுருக்கம் இறுக்கத்தைச் சொல்கிறது. மேலிருந்து கீழாகத் தொங்கும் மடிப்பு, துணி அதிகம் என்கிறது. சாய்வான கோடு பெரும்பாலும் இடம் போதாத இடத்தை நோக்கி ஓடும். மார்பு முனையிலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இழுத்தால், பக்கத் தையலைப் பிரித்து அகலம் கூட்டுவதுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் முதுகும் இடுப்பும் சேர்ந்து பெருக்குமே தவிர, தேவையான இடத்தில் துணி கிடைக்காது. முன்பக்கக் காகித வடிவத்தைக் கைக்குழியிலிருந்து மார்பு முனை வரையும், அங்கிருந்து கீழ் விளிம்பு வரையும் கத்தரித்து, முனையில் அரை அங்குலம் விரித்து, டாட்டைப் பெரிதாக்க வேண்டும். தோள் நழுவினால் தோளைக் குறைப்பதற்குமுன் கழுத்தின் அகலத்தைப் பாருங்கள். முன்னும் பின்னும் கழுத்து அகன்று இறங்கினால் தோளை நிறுத்த எதுவும் இல்லை. பின்கழுத்து 9, 10 அங்குலம் இறங்கும் ஜாக்கெட்டில் மேலே கட்டும் நாடா அழகுக்கு மட்டுமல்ல. இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அதுதான்.

இந்தக் குறைகளையெல்லாம் நல்ல துணியில் கை வைப்பதற்குமுன், மலிவான துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்தே கண்டுவிடலாம். டெய்லர் யாரும் அப்படி மாதிரி தைத்துப் பார்ப்பதில்லையே என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. பல வருடம் பலவித உடம்புகளுக்குத் தைத்த கண், வெட்டும்போதே திருத்திக்கொள்கிறது. அப்படிப்பட்டவரும் பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணியை உள்ளே விட்டுத்தான் தைக்கிறார்; பிரித்துத் தைக்க வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் பழகுகிறவருக்கு அந்தக் கண் வருவதற்கான வழிதான் மாதிரி. துணி வீண் என்ற கவலையும் வேண்டாம். காடாத் துணியோ, பழைய பருத்தி வேட்டியோ போதும். பட்டி, லைனிங் எதுவும் இல்லாமல், முன், பின், ஒரு கை மட்டும் வெட்டி, மெஷினில் பெரிய தையலாக ஓட்டினால் பிரிப்பதும் சுலபம். சேலைக்கு எந்த உள்ளாடை அணிவீர்களோ அதையே அணிந்து போட்டுப் பாருங்கள்; உள்ளாடை மாறினால் மார்பு முனையின் உயரமும் மாறும். முதுகைக் கவனிக்க வீட்டில் யாரையாவது போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தால் துணியும் கூடத் திரும்பும்.

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். திருத்தியதை உடனே காகித வடிவத்தில் வரைந்து, தேதி போட்டு வையுங்கள். லைனிங்கையும் மேல்துணியையும், நனைக்கக்கூடிய பருத்தியாக இருந்தால், வெட்டுமுன் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். புது டிசைனைத் தேடுவதற்குமுன், ஒரே சாதாரண ஜாக்கெட்டை அது சரியாக உட்காரும்வரை திரும்பத் திரும்பத் தையுங்கள். பட்டுத்துணியில் கத்தரி வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.